உம்முல் குவைன் கபுருக்கு ஒரு சலாம்

அன்புள்ள வாப்பாவுக்கு,

லாபிர் சலாம் சொல்லி எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் ஊருக்கு வரும் சித்தீக் மச்சான் கையில் இந்தக் கடிதம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். போன வாரம் உம்முல் குவைனில் கடலோரமாக வேலிக் கம்பி இறக்கப் போனேன். சுற்றிலும் பெட்ரோல் பங்க், புது வீடுகள். நடுவே பழைய ஊர் ஒன்றைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். கல் கட்டிய குழிகளைப் பார்த்ததும் கபுர் என்று தெரிந்தது. நீங்கள் பழக்கிய பழக்கம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அடங்கியிருக்கும் கபுராளிகளுக்குச் சலாம் சொல்லிவிட்டேன்.

காவலுக்கு நின்ற பெஷாவர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அரே பாய், இவங்க நம்ம நபி வர்றதுக்கு ரொம்ப முந்தி மவுத்தானவங்க! ரோமாபுரிக் கண்ணாடிக் குப்பியெல்லாம் கூட வச்சுல்ல அடக்கியிருக்கு!" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பும்போதுதான் தோன்றியது, அவர்களும் கப்பலேறிப் பிழைக்க வந்தவர்களாக இருக்கலாம். அடக்கும்போது பக்கத்தில் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். சலாம் சொன்னதில் தப்பில்லையே வாப்பா?

மச்சான் திரும்பும்போது தின்னக் கொஞ்சம் தொதலும் உடுக்க இரண்டு கைலியும் கொடுத்துவிடுங்கள். கீழே வண்டி ஹாரன் அடிக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உம்மா கபுருக்குப் போகும்போது என் சலாமையும் சொல்லுங்கள். அடக்கத்துக்கு வர முடியாத பிள்ளை, இங்கே யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகன்,
லாபிர்