கண்ணாடிக்குள் போன எச்சில் துணி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் வலிகூடக் குறைந்துவிட்டது, என் கோபம்தான் இன்னும் குறையவில்லை.

ரெண்டாம் வகுப்பில் என்னிடமே படித்தபோது நீ என்னைக் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். நீ எழுந்து நின்று, தலைமையாசிரியர் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருந்த உலக உருண்டையைக் காட்டி, சார், அது பீரோவுக்கு வாங்கினதா எங்களுக்கு வாங்கினதா என்று கேட்டாய். நான் போய்ச் சண்டை போட்டுச் சாவியை வாங்கி வந்தேன். நீங்கள் சுற்றிய சுற்றில் அது கீழே விழுந்து ஒரு கடல் நசுங்கிப்போனது, நசுங்கினால் என்ன, கடல் எது கரை எது என்று தெரியாத பிள்ளை அந்த வருஷம் என் வகுப்பில் இல்லை. அப்படிக் கேட்டவள் நேற்று வீடியோவில் பெருமையாகப் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டுகிறாய், பொடிசின் கழுத்தில் மாட்ட நான் தைத்து அனுப்பிய எச்சில் துணி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது! இவ்வளவு அழகா இருக்கிறதை அழுக்காக்க எப்படிப்பா மனசு வரும் என்கிறாய். அடுத்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறாய், கழுத்து மடிப்பெல்லாம் செக்கச்செவேல் என்று புண். கடையில் வாங்கின ரப்பர் துணி உரசுகிறது, ஈரம் தங்காமல் பார்த்துக்கச் சொன்னார் டாக்டர் என்று நீயேதான் சொல்கிறாய். ஈரம் உறிஞ்சுகிற துணி சுவரில், ஈரம் பிள்ளை கழுத்தில்! சுவருக்காம்மா பல் முளைக்கிறது?

அதை நான் எப்படித் தைத்தேன் என்று தெரியுமா? தெருமுனைத் தையல்காரரிடம் வெட்டுத் துணி மூட்டையை வாங்கி வந்து, கூடத்தில் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் என் கழுத்தில் தேய்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். சொரசொரப்பு, சரிகை, சாயம் போவது எல்லாம் தள்ளுபடி. நடுவில் பழைய துவாலை வைத்தேன். நாடா வைத்தால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளுமே என்று பயந்து, இழுத்தால் கழன்றுவிடும் பிரஸ் பட்டன் வைத்தேன். இத்தனையும் ஒரு ஆணிக்காகவா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன், என் பெண் என் துணியையே சுவர்ச் சுரைக்காய் ஆக்கிவிட்டாள். தையல்காரரிடம் சொன்னால் அவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். வாத்தியாரே, நான் தைக்கிற சட்டையை எல்லாம் இப்படி மாட்டிட்டா கிழியவே கிழியாது, அப்புறம் நான் என்னத்தைத் தின்கிறது என்கிறார்.

பிள்ளை ஆசையா மாட்டியிருக்கா, பிரம்பைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க என்று நேற்றே அம்மா உனக்குப் பரிந்து பேசினாள். பேசாமல் என்ன செய்வாள், நீ வாங்கிக் கொடுத்த போர்வையை இன்னும் உறை பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பவள் ஆயிற்றே. இந்த வியாதி உனக்கு யார் வழியில் வந்தது என்று இப்போது புரிகிறது. நேற்று ராத்திரி நான் உறையைக் கிழித்துப் போர்த்திக்கொண்டேன். காலையிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு நிஜமாகவே சுருக்கென்று தைத்தது, உங்க ஞாபகமா இருக்கட்டும்பா என்று நீ சொன்னதுதான். நான் என்ன செத்தா போய்விட்டேன், கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு? உயிரோடு இருக்கிற தாத்தாவின் ஞாபகம் பேத்தியின் கழுத்தில் இருக்கட்டும், அவள் எச்சில் அதில் வடியட்டும், சோறு சிந்தட்டும், கறை போகாவிட்டால் போகட்டும். கிழிந்தால் இன்னொன்று தைக்க என் கை இருக்கிறது, ஊசியில் நூல் கோக்க அம்மா இருக்கிறாள், பேசினால். பொடிசு தவழ ஆரம்பித்துவிட்டாளாமே, அவள் முழங்கால் தேயாமல் இருக்க ஜீன்ஸ் வெட்டுத் துணியில் இரண்டு உறை தைத்து வைத்திருக்கிறேன். அதற்கும் ஆணி அடிப்பாய் என்றால் அனுப்பப் போவதில்லை, தையல் மிஷின் மேலேயே கிடக்கும்.

கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்க மாட்டேன். மூவரும் நீடூழி வாழ வேண்டும். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். பிள்ளை கழுத்தைத் துடைத்தபின் ஈரம் காய விடு, பவுடரை அள்ளிக் கொட்டாதே.

இதைப் படித்து முடித்ததும் சட்டத்தைக் கழற்றி, துணியை வெளியே எடுத்து, ஒரு தடவை அலசிக் காயவைத்து, பிள்ளை கழுத்தில் மாட்டி, சோறு ஊட்டு. கறையோடு ஒரு போட்டோ அனுப்பு.

இப்படிக்கு,
சுவரில் தொங்க இப்போதைக்கு உத்தேசமில்லாத
உன் அப்பா