இரண்டாம் படம்

1998 ஓகஸ்ட் 12, புதன். ஸ்கந்தபுரம்.

மலேரியா பற்றிய எங்கள் ஆஸ்பத்திரிப் போஸ்டரை டொக்டர் நாளை கொழும்பு மாநாட்டுக்குக் கொண்டுபோகிறார். படங்களின் விளக்கங்களைத் தட்டச்சுச் செய்து, இலக்கமிட்டு, ஒட்டி முடித்திருந்தேன். பின்னேரம் வந்து பார்த்தார்.

"படம் இரண்டைக் கழட்டுங்கோ தங்கச்சி. வரைபடத்தோடை போனால் ஆமிச் சோதனையிலை மறிச்சுப்போடுவாங்கள்."

எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் செத்தார்கள் என்பது அதில்தான் இருந்தது. கழற்றினேன். மூன்றை இரண்டாக்கினேன், நான்கை மூன்றாக்கினேன். பிறகுதான் கண்டேன், "இறந்த பிள்ளைகளின் ஊர்களைப் படம் இரண்டில் காண்க" என்ற வரி நடுவில் அப்படியே இருக்கிறது. இப்போது படம் இரண்டில் இருப்பது ஒரு நுளம்பு.

"பொறுங்கோ டொக்டர், மறைச்சு ஒட்டித்தாறன்."

"விடுங்கோ. அங்கை ஆர் வாசிக்கப்போகினம்" என்று சுருட்டிக் கட்டினார்.

வரைபடம் இந்த நாட்குறிப்புக் கொப்பிக்குள் கிடக்கிறது. நானும் அதை விரித்துப் பார்க்கவில்லை.