ஃபியூஸ் கட்டை

கண்ணு தாட்சாயிணி,

நீ டிவி பார்ப்பாய் என்று பயந்து, நேற்று ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓவர்டைமுக்குப் போனார் உன் அப்பா. ராணுவ டாங்கிக்கே வயரிங் போடுகிற ஆளுக்கு, லைட்டும் சேர்ந்து அணையும் என்று தோன்றவில்லை. அவர் திரும்பி வந்தபோது மெழுகுவத்தியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நீ, "நாளைக்குப் பரீட்சைக்கே போகமாட்டேன், போப்பா" என்றாய்.

கட்டையை மாட்டியாகிவிட்டது. உப்புமா அவரே கிண்டியது. மோர் ஊற்றினால் இறங்கும். ஹால் டிக்கெட் சாமி படத்துக்குக் கீழே. சாவியைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரி அக்காவிடம் கொடு.

பத்தாவது கணக்கில் கோட்டை விட்டவர் உன் அப்பா. வாழ்க்கையில் வாங்கிய ஒரே பாஸ், ஃபேக்டரி கேட் பாஸ். இப்படிக்கு, அந்த அப்பாவேதான்.

பி.கு: மத்தியானம் பெர்மிஷன் சொல்லி, அதே கேட் பாஸோடு சென்டர் வாசலில் நிற்பார். மார்க் எவ்வளவு என்று கேட்கமாட்டார். நீ பேசக்கூட வேண்டாம், சைக்கிளில் ஏறிக்கொள்.