கிழவனை விற்ற கோடை

மச்சாள்,

நேற்று ஈஸ்ட் ஹாமுக்குப் போயிருந்தேன். இவருடைய பெறாமகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்க வேண்டியிருந்தது. சேலைக்கடைக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் அப்போதுதான் கோதோடு வறுத்த கச்சான் கடலை மூட்டையொன்றைப் பிரித்திருந்தார்கள். மணம் தெருவரைக்கும் வந்தது. வந்த வேலையை மறந்து அந்தக் கடைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். என்ன வேண்டும் என்று கடைக்காரத் தம்பி இரண்டாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு நினைவு திரும்பியது. ஒன்றும் வாங்கவில்லை. நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டில் ஆட்டம் பார்த்தபடி கச்சான் கொறிக்க ஆளில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கைபேசியைத் திறந்தேன். எங்கள் பேஸ்போல் அணி அந்த ஷோர்ட்ஸ்டொப் பெடியனை விற்றுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அவனைக் கொடுத்து, மீசை ஒழுங்காக முளைக்காத மூன்று பேரை வாங்கியிருக்கிறார்கள். மறுபடியும் அடியிலிருந்து கட்டப் போகிறார்களாம். ரசிகர்கள் பொறுமை காக்க வேண்டுமாம். மெட்ரோபொலிட்டன் லைனில் ஹரோ வந்து சேரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணை வேலை மாறி லண்டனிலிருந்து உங்களையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனபோது உங்களுக்கு பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள் போய்ச் சேர்ந்த ஊரில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. அண்ணையின் கந்தோரில் யாரோ நுழைவுச்சீட்டுக் கொடுத்து, போய்ப் பார்த்து, முதல் நாளே எங்கள் அணி மோசமாகத் தோற்றிருக்கிறது. அதன் பிறகு அண்ணை ஒரு கோடைக்கும் இடைவெளி விடவில்லை என்று சொல்வீர்கள். நீங்கள் அவருக்குத் துணையாகப் போகத் தொடங்கி, அவரைவிடப் பெரிய பைத்தியமானீர்கள். அண்ணை ஒரு வசந்தகாலத்தில் நெஞ்சு வலித்துப் போனார். அந்த வருடம் முழுவதற்கும் அவர் எடுத்து வைத்திருந்த இரண்டு இருக்கைகளில் ஒன்றில் நீங்கள் தனியே போய் இருந்தீர்களாம். பக்கத்து இருக்கையில் உங்கள் கைப்பையை வைத்தீர்களாம். அந்தக் கோடை முடிந்ததும் லண்டனுக்குத் திரும்பி, எங்கள் வீட்டுக் கீழ் அறைக்கு வந்தீர்கள்.

வந்த அடுத்த சித்திரையிலேயே தொலைக்காட்சி உங்கள் கைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அங்கே மதியத்து ஆட்டம் என்றால் இங்கே மாலை ஆறு மணி. இவர் அடுப்படி ரேடியோவோடு ஒதுங்கிக்கொண்டார். நான் உடுப்புத் தேய்த்து மினுக்கியபடி பாதி கவனத்தோடு பார்ப்பேன். எனக்கு விளையாட்டே விளங்கவில்லை. விளங்கியதெல்லாம் நாங்கள் தோற்கிறோம் என்பது மட்டும்தான். ஏன் எப்போதும் தோற்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அதற்காகவே காத்திருந்ததுபோல மினுக்குப்பெட்டியை நிறுத்தச் சொல்லி என்னைப் பக்கத்தில் இருத்தினீர்கள்.

"பாரும் மச்சாள், கெட்ட அணி பிரச்சினை இல்லை. கடைசியா வாற அணிக்குப் புதுப் பெடியளை முதல் தெரிஞ்செடுக்கலாம். எங்கட ஆக்கள் கடைசியாயும் வரமாட்டினம், முதலாயும் வரமாட்டினம். நடுவிலை நிண்டு ஒவ்வொரு வருஷமும் வயது போனவனா ரெண்டு பேரை வாங்கி ஒட்டுப் போடுறது. இதாலை ஒருநாளும் உருப்படாது."

நீங்கள் சொல்லும் மருந்து எப்போதும் ஒன்றுதான். பெயர் எடுத்த எல்லாரையும் விற்க வேண்டும். இன்னும் மதிப்பு இருக்கும்போதே விற்க வேண்டும். பதிலுக்குப் பந்தெறிகிற பெடியன்களை வாங்கக் கூடாது, அவர்களின் முழங்கை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுக்களத்தில் நிற்பவர்களை வாங்க வேண்டும்: பந்தெறிபவனுக்கு எதிரே குந்தியிருந்து பிடிக்கிற கட்சர், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே காவல் நிற்கிற ஷோர்ட்ஸ்டொப், அவர்களுக்கு நேர் பின்னே வெளிக்களத்தில் ஓடுகிறவன். அந்த மூன்று பேரும் சரியாக அமைந்தால் மற்றவர்களைப் பிறகு தேடலாம். ஆட்டத்தின் கடைசியில் மட்டும் வந்து வெற்றியைக் காப்பாற்றுகிற ஒருவனைப் பெரிய எடுப்பில் அவர்கள் வாங்கியபோது நீங்கள் கோபத்தில் போட்ட சத்தத்தைக் கேட்டு இவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். காப்பாற்ற ஒரு வெற்றி இருந்தால்தானே என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள்.

நான் மெல்ல மெல்ல உள்ளே இழுக்கப்பட்டேன். உங்களோடு தர்க்கம் பண்ணுவதற்காகவே விதிகளைப் படித்தேன். என்னுடைய கட்சி வேறு. எல்லாரையும் விற்றுவிட்டால் யாரைப் பார்க்க நாங்கள் ஞாயிற்றுக்கிழமையை வைத்திருப்பது? பெடியன்கள் ஆளாகி வருவதற்குள் பார்க்கிற சனம் வயதுபோய்ச் செத்துவிடும். மனத்துக்கு ஒட்டிய இரண்டு பேராவது இருக்கத்தான் வேண்டும் என்பேன். நீங்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நான் முடித்ததும், விற்கத்தான் வேண்டும் என்பீர்கள்.

இந்தத் தர்க்கம் முற்றிய வருடம் அந்தக் கிழவனுடைய வருடம்.

முப்பத்தைந்தைத் தாண்டாத ஒருவனைக் கிழவன் என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். நீங்களும் அண்ணையும் அந்த ஊருக்குப் போன வருடம்தான் அவனும் அந்த அணிக்குப் பந்தெறிய வந்தான். உயரமானவன், தோளைச் சற்றே முன்னே வளைத்து நடப்பான், பந்தை விடுவதற்கு முன் தொப்பியை ஒருமுறை தொடுவான். அவன் எறிகிற நாளென்றால் அண்ணை வேலை முடிந்து உடுப்பு மாற்றாமலே மைதானத்துக்கு ஓடுவார் என்று சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அவன் பந்தெறிகிற மேட்டில் ஏறி நிற்கும்போதெல்லாம் நான் அவனைப் பார்க்கவில்லை, மச்சாள். அண்ணை பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அந்தக் கோடையில் அவன் நன்றாக எறிந்தான். அணி வழக்கம்போலத் தோற்றது. ஆள்மாற்றுக்கான காலம் முடிவதற்குள் அவனை விற்பார்களா என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். விற்கக் கூடாது என்று நான் நின்றேன். இதற்கு மேல் இவனுக்கு விலை ஏறாது, அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து சும்மா போய்விடுவான் என்று நீங்கள் நின்றீர்கள். ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணைக்காண்டியாவது அவன் இருக்கட்டுமே மச்சாள்," என்றேன்.

நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கட அண்ணை இருந்தாலும் விக்கத்தான் சொல்லியிருப்பார்," என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "சொல்லிப்போட்டு ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார்," என்றீர்கள்.

நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அதுவரை நீங்கள் ஒருநாளும் தனியே வந்ததில்லை. அடுத்த கிழமை ஒருநாள் பின்னேரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். ஏதோ ஆபத்து என்று நான் எழும்பிவிட்டேன். நீங்கள் வாடிக்கையாளர் இருக்கும் கதிரையில் போய் இருந்து, முன்னால் அடுக்கியிருந்த சட்டகங்களில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். பெரிய, இருண்ட கண்ணாடி. அதைப் போட்ட பிறகுதான் பேசினீர்கள்.

"வித்துப்போட்டினம்."

நான் என் கதிரையை இழுத்து உங்களுக்கு முன்னால் இருந்தேன்.

"சரியான வேலைதான். ரெண்டு வருஷம் பிந்திச் செய்திருக்கினம்," என்றீர்கள். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்துகொண்டிருந்தது. என் முதலாளியம்மா எதையும் கேட்காமல் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தண்ணீரைக் குடித்தபடி வந்தவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்கள். பதிலுக்கு மூன்று பெடியன்கள். இரண்டு பேர் பந்தெறிகிறவர்கள், அது பிழை என்றீர்கள். மூன்றாமவன் ஷோர்ட்ஸ்டொப், பதினெட்டு வயது, அவன் ஒருவன்தான் இந்த வியாபாரத்தில் பெறுமதியானவன் என்றீர்கள். அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் எங்கிருந்தோ அவனுடைய தெளிவில்லாத ஒரு காணொளியை எடுத்து எங்களுக்குக் காட்டினீர்கள். வெறும் புல்வெளி, யாரோ அடித்த பந்து, எலும்பும் தோலுமான ஒரு பெடியன் அதை நோக்கிச் சரிகிறான். "கால் வேலையைப் பாரும்," என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அண்ணை போன பிறகு நான் கண்டதில்லை.

இலையுதிர்காலத்தில் உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பரிசோதனைகள் முடிந்து மருத்துவர் எங்களைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னபோது, குளிர்காலம் வந்துவிட்டிருந்தது. முதல் சுற்று மருந்து ஏற்றினார்கள். நோய் கேட்கவில்லை. இன்னொரு வகை மருந்து இருக்கிறது, கடுமையானது, சில மாதம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். மருத்துவமனைத் தரிப்பிடத்தில், காரில் இருந்தபடி, நான் உங்களோடு சண்டை பிடித்தேன். ஐந்து வருடம், ஆறு வருடம் பொறு என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆள், தனக்கு என்று வந்தால் ஆறு மாதம் பொறுக்க மாட்டாரா என்று கேட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. ஆசனப் பட்டியை இழுத்து மாட்டினீர்கள்.

"அது அணி, மச்சாள். அவையள் அடுத்த வருஷமும் இருப்பினம். என்னட்டை விக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

வீடு வரும்வரை நான் அழுதுகொண்டே ஓட்டினேன். சிவப்பு விளக்குகளில் நீங்கள் என் கையில் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

புது ஆட்டப் பருவம் தொடங்கியபோது நீங்கள் எழும்பி இருக்க முடியாமல் போயிற்று. இவர் தொலைக்காட்சியைக் கழற்றிக் கீழ் அறையில் கட்டிலுக்கு எதிரே பூட்டினார். அந்த அணியில் எங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டதெல்லாம் நடந்திருந்தது. எல்லாரையும் விற்றிருந்தார்கள், யாரோ எவரோ விளையாடித் தோற்றார்கள். உங்கள் கடைசி ஞாயிறும் அப்படித்தான். ஆட்டம் பாதியிலேயே கைவிட்டுப் போயிருந்தது. தொலைக்காட்சியை அணைக்கட்டுமோ என்று கேட்டேன். கண்ணை மூடியபடியே வேண்டாம் என்று தலையசைத்தீர்கள். சத்தத்தை மட்டும் குறைத்தேன். அந்தக் கிழமையே போய்விட்டீர்கள்.

பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னது எல்லாமே சரியாகத்தான் வந்தது. பந்தெறிகிற இரண்டு பேரில் ஒருவனுக்கு முழங்கை போய், வெட்டித் தைத்து, மறுபடியும் போனது. மற்றவன் பெரிய அணிவரை வரவே இல்லை. ஆனால் அந்தப் பெடியன் வந்தான். அவன் முதல்முறை களமிறங்கிய ஞாயிறு நான் தனியே கீழ் அறையில் இருந்து பார்த்தேன். பந்து அவனுக்கு இடப்பக்கம் போனது, அவன் சரிந்தான், அதே கால் வேலை. நான் வாய்விட்டு உங்களைக் கூப்பிட்டுவிட்டேன். அதன் பிறகு சில வருடம் அவன் விளையாடியதைப் பார்ப்பதே ஒரு சுகம். அவன் ஒருவன்தான். அவனைச் சுற்றி ஒரு அணியைக் கட்ட அவர்கள் முயலவே இல்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றார்கள். ஒப்பந்தம் முடிகிற காலம் வந்ததும், விலை இருக்கும்போதே, நேற்று அவனையும் விற்றுவிட்டார்கள்.

உங்கள் தர்க்கத்தில் பிழை ஒன்றும் இல்லை, மச்சாள். இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு ஒரு பிழை அகப்படவில்லை. கட்டத்தான் இடிக்கிறார்கள் என்று நீங்கள் நம்பினீர்கள், அவ்வளவுதான். இந்த அணியின் சொந்தக்காரருக்கு இடிப்பதே போதுமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று புதுப் பெயர்களைக் காட்டினால் எங்களைப் போன்றவர்கள் இன்னொரு ஐந்து வருடம் திரைக்கு முன்னால் இருப்போம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று வந்த மூன்று பேரும் ஆளாகி வரும்போது எனக்கு எழுபது நடக்கும். வந்தால், அவர்களையும் விற்பார்கள்.

அப்படித் தெரிந்தும், நேற்று ரயிலில் நான் அந்த மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். இரண்டு பேர் பந்தெறிகிறவர்கள். ஒருவன் கட்சர். கட்சர் நடுவிலை நிக்கிறவன், பரவாயில்லை என்று நினைத்தேன். உங்கள் சொல், உங்கள் குரல். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இப்படிப் பார்க்கத் தெரிந்த கண் ஒன்றுதான். அந்தப் பதினெட்டு வயதுப் பெடியனைக் காட்டியபோது உங்கள் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன்.

இன்று ஞாயிறு. ஆறு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷோர்ட்ஸ்டொப் இடத்தில் எனக்குப் பெயர் தெரியாத ஒருவன் நிற்கிறான். சற்று முன் இவர் கதவைத் திறந்து என்ன நிலவரம் என்று கேட்டார். தோக்கினம் என்றேன். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். பாதி ஆட்டம் இருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.