நீ ஒதுங்கிய வீடு

சின்னமனூர்
12.11.2024

அன்பு மகள் அனுசுயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், வாழை குலை தள்ளிவிட்டது, காற்றுக்கு முன்னால் முட்டுக் கொடுக்க அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கிறார், அந்த நேரம் பார்த்து எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. என் போனை மாப்பிள்ளை வாங்கிப் பார்க்கிறார், அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் சிநேகிதி ஜெனிபரிடம் கொடுக்கிறேன்.

நீ புனேயில் அவரை விட்டு வெளியேறி, கூட வேலை பார்க்கும் மலையாளத்து அம்மா வீட்டில் இருப்பதாக அவள்தான் சொன்னாள். நீ அவளுக்கு அனுப்பிய செய்தியில் எனி போர்ட் இன் எ ஸ்டார்ம் என்று ஒரு வரி இருந்ததாம், அப்படியென்றால் என்னடி என்றேன். புயல்ல மாட்டுன கப்பலுக்கு எந்தத் துறைமுகம்னாலும் போதும்மா, நல்லது கெட்டது பாக்க நேரமில்லாம கெடச்ச எடத்துல ஒதுங்குனா அப்படிச் சொல்லுவாக என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லது கெட்டது பார்க்காமல் ஒதுங்கிய வீடு எப்படிப்பட்ட வீடோ, அங்கே ஆம்பளைகள் உண்டா, உன் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ஒன்றும் தெரியாமல் கிடந்து தவிக்கிறேன்.

அப்புறம்தான் உறைத்தது. எந்த வீடானாலும் போதும் என்று ஓடியவளுக்கு அம்மா வீடு ஏன் தோன்றவில்லை? போன மாசியில் ஒற்றைப் பையோடு வந்து நின்றாய், கழுத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாய், நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். புருஷன் இல்லாமல் வந்தவளை நாலு நாள் வைத்திருந்தால் தெரு பேசும் என்று மறுநாளே மடியில் மஞ்சளும் தேங்காயும் கட்டி, உன் மாமன் ராஜபாண்டியைத் துணைக்கு விட்டு ரயிலேற்றி அனுப்பினேன். வழக்கம் அதுதானே என்று நினைத்தேன். பாவி நான், உனக்கிருந்த ஒரு வாசலையும் நானே அடைத்தேன் ஆத்தா.

போன செவ்வாய்க்கிழமை உன் புருஷன் வந்தான், இனி மரியாதையாக எழுதக் கை வரவில்லை. அத்தை, அவ எங்கன இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, ராணி மாதிரி வச்சுக்கிறேன் என்று காலில் விழுந்து அழுதான். அப்பா இளகிவிட்டார். எனக்கும் மலையாளத்து அம்மா என்று வாய் வரை வந்துவிட்டது. அழுத கண்ணோடேயே என் போனைப் பிடுங்கித் துழாவினான் பார், அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். தேனியில் அறை எடுத்துத் தங்கி தினமும் வருகிறான்.

வேளைக்குச் சாப்பிடு, கதவைத் தாழ் போட்டுப் படு. வீரபாண்டி மாரியாத்தா உன்னைக் காப்பாள், நீ நூறு வயது இருப்பாய். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எந்தத் தெரு, எந்த வீடு என்று எனக்கு எழுதாதே, நானே அழுது கேட்டாலும் சொல்லாதே.

உன் அம்மா
ராஜாத்தி