பிடுங்கியதும் நின்றதும்

பிப்ரவரி 9, திங்கள்

மூன்றாவது முறையாக விதைத்தாயிற்று. செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் ஆர்.என்.ஏ.வில் எழுத்துப்பிழை சகஜம். ஒவ்வொரு பிழையிலும் போய் உட்கார்ந்து திருத்த ஒவ்வொரு புரதம். ஒன்றின் வேலையை இன்னொன்று தொடாது. எங்கள் அலுவலகத்தில் பழகியிருக்குமோ? என் செடிகளுக்கு அப்படி ஒரு புரதம் பிறவியிலேயே இல்லை. அதனால் எல்லாம் நோஞ்சான்கள். கடுகளவு இலை, பூக்கவே மாதக்கணக்காகும். இல்லாத மரபணுவை அவற்றுக்குள் செலுத்தி விதை எடுத்திருக்கிறேன். ஒரு விதையிலாவது ஏறியிருந்தால் அந்தச் செடி நன்றாக வளரும். இல்லையென்றால், ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார்: "இதோட மூட்டை கட்டிடலாம்மா." ஆறு வருடம். மூட்டை பெரிதாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

முளைத்துவிட்டன. தொட்டிக்கு நாலைந்து. இப்போதைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

மார்ச் 2, திங்கள்

மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஒரு வாரம் லீவு. செடி வளர்ப்பறைக்குப் புதிதாக வந்த நர்சரியக்காவிடம் "தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பூஞ்செடி நர்சரியில் வேலை பார்த்தவர். காய்ந்த குச்சிகூட அவர் கை பட்டால் துளிர்க்குமாம்.

மார்ச் 10, செவ்வாய்

வயிறு எரிகிறது. நாலைந்து இருந்த தொட்டிகள் சிலவற்றில் ஒன்றே ஒன்று நிற்கிறது. பல தொட்டிகள் மொட்டை.

கத்தினேன், எல்லார் முன்னாலும். "உங்கள யாரு கை வைக்கச் சொன்னது? ஆறு வருஷத்தத் தூக்கிக் குப்பையில போட்டுட்டீங்களே!"

கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நெருக்கமா முளைச்சா நர்சரில இப்படித்தான் மேடம் கலைச்சு விடுவோம். நோஞ்சானா இருந்ததத்தான் புடுங்கினேன். தளதளன்னு இருந்தத விட்டுட்டேன்."

நான் காதில் வாங்கவில்லை. நேராகத் தலைவரிடம் போய், இனி அவர் வளர்ப்பறைப் பக்கமே வரக்கூடாது என்றேன். மாலைக்குள் பாட்டில் கழுவுகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இதை எழுதும்போதுதான் — தளதளன்னா? என் தொட்டியிலா? நோஞ்சானுக்குப் பிறந்ததில் தளதளவென்று எப்படி...

போனதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றதைப் பார்த்தேனா? பார்க்கலையேடி, பாவி!

மார்ச் 11, புதன்

பார்த்தேன். ஒன்பது செடி. கட்டைவிரல் அகலத்துக்கு இலை. ஒவ்வொன்றாக மறுபடி எண்ணினேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆத்திரக்காரிக்கு மட்டும் விதிவிலக்கா என்ன?

மார்ச் 12, வியாழன்

துள்ளாதே. பக்கத்து ட்ரேயில் வளரும் குறையில்லாத செடியின் விதை தெறித்து விழுந்திருக்கலாம். இலை கிள்ளிச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரட்டும், பிறகு நர்சரியக்காவைப் பார்க்கலாம் — இது சாக்கு என்று எனக்கே தெரிகிறது. முகத்தில் முழிக்கத் தைரியமில்லை.

மார்ச் 20, வெள்ளி

வந்துவிட்டது. செடிகளின் சொந்த மரபணு உடைந்தேதான் இருக்கிறது. நான் செலுத்தியது வேலை செய்கிறது. அந்த எழுத்துப்பிழை திருந்தியிருக்கிறது, ஒன்பதிலும்! தலைவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "சாதிச்சுட்டியேம்மா" என்றார். கழிப்பறைக்குள் போய் ஆசைதீர அழுதேன்.

மார்ச் 23, திங்கள்

பாட்டில் கழுவும் அறைக்குப் போனேன். நர்சரியக்காவுக்கு முழங்கை வரை நுரை. மன்னிப்புக் கேட்டேன். செடிகள் தேறிய கதையைச் சொன்னேன். "அப்படியா, நல்லா இருக்கட்டும்" என்று மனசாரச் சிரித்தார்.

"தலைவர்கிட்ட பேசிட்டேங்க்கா. நீங்க வளர்ப்பறைக்கே வந்துடுங்க."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வேணாம் மேடம். இங்க பாட்டில் உடைஞ்சாத்தான் திட்டுவாங்க. எதுக்குத் திட்டு வாங்குறோம்னாவது தெரியும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பதுக்கும் நானே தண்ணீர் ஊற்றினேன்.