கிளம்பாத வண்டி

1945 ஜனவரி 9, செவ்வாய்

மாமி இன்றும் சாப்பிடவில்லை. இலை முன்னால் உட்கார்ந்தாள், சாற்றமுது விட்டுப் பிசைந்தாள், கொல்லைப்பக்கம் பார்த்தாள், எழுந்துவிட்டாள்.

கொல்லைக் கொட்டகையில் என் ஆத்துக்காரருடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சாக்கு போட்டு மூடியிருக்கிறது. ஆனாலும் கைப்பிடிகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சமையலறையிலிருந்து எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிறது.

"அதை யாருக்காவது கொடுத்துடுங்கோ. நாணு வந்து எடுத்துண்டு போகப்போறானா?" என்றாள் மாமனாரிடம்.

அவர் பெயர் திருநாராயணன். பெற்றவளான மாமிக்கு மட்டும் நாணு. மின்சார இலாகாவில் வேலை. கம்பி போகிற ஊருக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போவார். புரட்டாசியில் டைபாய்ட் வந்தது. தீபாவளிக்கு அவர் இல்லை.

ஜனவரி 11

கொள்ளேகாலிலிருந்து லிங்கப்பன் என்று ஒரு பட்டு வியாபாரி வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் உள்ளேயே இருந்தேன். வெளி மனிதர் வந்தால் நான் எதிரே வரக்கூடாது.

"பெட்ரோல் கூப்பன் எங்கிட்ட இருக்குதுங்க. வண்டி கிளம்புச்சுன்னா நானே ஓட்டிக்கிட்டுப் போயிடறனுங்க. இல்லாட்டி இது வெறும் இரும்புதானுங்களே, சாமி" என்றார்.

தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் இரும்பு என்று கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஒரு பாட்டில் பெட்ரோல் வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

ஜனவரி 12, வெள்ளி

ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் மிலிடரி லாரிகள். யாரும் வரமாட்டார்களாம். மாமனாரே பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஹைஸ்கூலில் காலமெல்லாம் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர். ஸ்பானரைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். வண்டி மூச்சுவிடவில்லை. மூச்சு வாங்கியது அவருக்குத்தான். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமாகி இந்த ஆத்துக்கு வந்ததிலிருந்து அவர் என்னோடு நேரே பேசியதில்லை, நானும் பேசியதில்லை. எதுவானாலும் மாமி மூலம்தான். ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டேன்: "டாங்கிலே இருக்கிறது பழைய பெட்ரோல். அதை வடிச்சுட்டுப் புதுசு விடணும். அப்புறம் கார்புரேட்டர் மேலே சின்னதா ஒரு குமிழ் இருக்கும். பெட்ரோல் கசியற வரைக்கும் அதை அமுக்கணும்."

திரும்பிப் பார்த்தார். கோபமோ என்று பயந்தேன்.

"இன்னும் என்ன பண்ணுவான்?" என்று கேட்டார்.

ஜனவரி 13

பெட்ரோல் மாற்றியும் கிளம்பவில்லை.

ஜனவரி 15

இன்று நான் கொட்டகைக்கே போனேன். மாமி பார்த்தாள்.

எனக்கு மெஷின் தெரியாது. ஆத்துக்காரர் செய்வதைப் பார்த்தது மட்டும் தெரியும். காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொள்ள நிற்பேன். அவர் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்பார், வாய் ஓயாமல் சொல்லுவார். எனக்குச் சொல்வாரா, வண்டிக்குச் சொல்வாரா, தெரியாது. அதெல்லாம் இப்படி ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் முகம் சில நாள் சரியாக நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. கை மட்டும் வருகிறது.

மாமனாரிடம் ப்ளக்கைக் கழற்றச் சொன்னேன். கரிபிடித்திருந்தது. துடைத்து, உலோகத்தில் சாய்த்து வைத்து, உதைக்கச் சொன்னேன். பொறி வரவில்லை.

"இப்போ?"

"பொறி உண்டாக்கற மாக்னெட்டோவைத் திறக்கணும். அதுக்குள்ளே ரெண்டு முனை ஒண்ணை ஒண்ணு தொடும். அங்கே துருப்பிடிச்சிருக்கும்."

"உப்புக் காகிதம் வாங்கிண்டு வரேன்" என்று மாமனார் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் இவ்வளவு வேகமாக நடந்து பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

ஜனவரி 16

பொறி வந்தது. நீலமாக, சின்னதாக. மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். உடனே இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

வண்டி கிளம்பவில்லை.

ஜனவரி 17, புதன்

பெட்ரோல் இருக்கிறது. பொறி இருக்கிறது. பிறகு என்னதான்? வேலை செய்யும்போதெல்லாம் யோசித்தேன்.

அவர் கிளம்பும்போது பின்னால் நின்றால் என் தலைப்பு பறக்கும். "தள்ளி நில்லு, சூடு படும்" என்பார். அது நினைவுக்கு வந்தது. மாமனாரை உதைக்கச் சொல்லிவிட்டு சைலென்சர் வாயில் உள்ளங்கையை வைத்தேன். காற்று துளிகூட வரவில்லை.

மாமனார் கம்பியை விட்டுக் குடைந்தார். மண் உதிர்ந்தது. கட்டி கட்டியாக, காய்ந்த செம்மண். குளவிக்கூடு.

கொல்லை வாசற்படியில் மாமி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"நான்தான் அதை விரட்டாதேன்னு சொன்னேன்" என்றாள்.

ஆடியில் பெட்ரோல் கூப்பன் கிடைக்காமல் வண்டி நின்றுவிட்டது. அவர் சைக்கிளில் போய்வந்தார். அப்போதுதான் குளவி மண் கொண்டுவந்தது. குளவி கூடு கட்டினால் ஆத்தில் குழந்தை வரும் என்று மாமிக்கு ஒரே சந்தோஷம். தெருவெல்லாம் சொன்னாள். நான் குனிந்து நிமிர்ந்தால்கூடப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

குழந்தை ஒன்றும் வரவில்லை.

மூவரும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மாமியே விளக்குமாறு எடுத்துவந்து பெருக்கித் தள்ளினாள். நான் கை நீட்டினேன், தரவில்லை.

ஜனவரி 18

கிளம்பிவிட்டது.

நான் குமிழை அமுக்கினேன், மாமனார் உதைத்தார். முதலில் இருமியது. அடுத்த உதையில் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அதே சத்தம். கொஞ்சம்கூட மாறவில்லை. ஆள் போனால் சத்தமாவது மாறவேண்டாமா?

மாமி பூஜை அறையில் இருந்தாள். எழுந்து ஓடினாள். கொல்லைக்கு இல்லை, வாசலுக்கு. அவர் வரும் சத்தம் கேட்டால் வாசற்கதவைத் திறந்துவைப்பது அவள் வழக்கம். தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, தெருவைப் பார்த்து நின்றாள்.

மாமனாருக்கு நிறுத்தத் தெரியவில்லை. "நிறுத்து, வத்ஸலா, நிறுத்து" என்றார். என் பெயரை அவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. நான் நிறுத்தினேன்.

கதவு வெகு நேரம் திறந்தே கிடந்தது. மூடப் போக யாருக்கும் தைரியம் இல்லை.

ஜனவரி 20

லிங்கப்பன் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 27, சனி

வண்டி போனால் மாமி தேறிவிடுவாள் என்று நினைத்தோம். தேறவில்லை. இலையில் உட்காருகிறாள், பிசைகிறாள், எழுந்துவிடுகிறாள். இப்போது பார்ப்பதற்குக் கொல்லையில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்துவிட்டு எழுந்துபோகிறாள்.

நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேனோ?

ஜனவரி 29

நினைப்பு இல்லை. நிஜம்தான்.

மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமி வந்து உட்கார்ந்தாள். கையில் அவரைக்காய் முறம். உரித்துக்கொண்டே பேசினாள், தலை நிமிரவில்லை.

"வத்ஸலா, உன்மேலே எனக்கு ஒரு குறையும் இல்லை. பெருமாள் சாட்சி. ஆனா நீ நடந்து வரச்சே பின்னாடியே அவனும் வருவான்னு மனசு எதிர்பார்க்கறது. தெரிஞ்சுண்டே எதிர்பார்க்கறது. என்னாலே முடியலைடி."

குழவியை நிறுத்திவிட்டேன்.

வண்டியை விற்றாயிற்று, என்னை என்ன செய்வது? கோபம் வந்தது. நான் மட்டும் எதிர்பார்க்கலையா? நானும் இதே ஆத்திலேதானே இருக்கேன்? ஆனால் அவள் விரல்களைப் பார்த்தேன். தோலை முறத்தில் போட்டுப் பருப்பைக் கீழே எறிந்துகொண்டிருந்தாள். கோபம் போய்விட்டது.

ஜனவரி 30

மாமி சொன்னது மாமனாருக்கும் தெரிந்துவிட்டது. "நீ எங்கேயும் போகவேண்டாம். இது உன் அகம்" என்றார். என் தலை முடியை எடுக்கவேண்டும் என்று தெருவில் பேச்சு வந்தபோதும் இப்படித்தான், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

இருந்தால் இருக்கலாம். அவர் விடமாட்டார். மாமி இன்னும் இளைப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் எத்தனை நாள் நிற்பார்?

நானே சொல்லிவிட்டேன்: "மேல்கோட்டைக்கு அண்ணாவுக்கு எழுதுங்கோ, மாமா."

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். அங்கே என்ன இருக்கிறது இப்போது?

பிப்ரவரி 5

அண்ணா வந்தார். புறப்பட்டோம். மாமி புளியோதரை கட்டிக்கொடுத்தாள். சேவித்தேன். என் தலையில் கை வைத்தவள், எடுக்க மறந்தவள்போல அப்படியே வைத்திருந்தாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாமனார் பஸ் வரைக்கும் டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணா டிக்கெட் வாங்கப் போனபோது சொன்னார்: "அந்த ஒரு வாரம் எனக்குப் பேச ஆள் இருந்தது, அம்மா."

எனக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியதும்தான் வந்தது.

பிப்ரவரி 21, மேல்கோட்டை

மன்னி நல்லவள். தெருக் குழந்தைகள் நாலைந்து பேருக்கு மத்தியானம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரவில் தூக்கம் இல்லை.

மார்ச் 24, சனி

கோயிலில் வைரமுடி சேவை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. காலையில் வாசலில் மாமனார். சேவைக்கு வந்தாராம். தனியாக. கழுத்தெலும்பு தெரிகிறது.

அண்ணா அவரை உட்காரவைத்து ஊர்ச் செய்திகள் கேட்டார். நான் இலை போட்டேன். பரிமாறும்போதுதான் கேட்க முடிந்தது.

"மாமி எப்படி இருக்கா?"

அவர் சாதத்தை இலை ஓரமாக ஒதுக்கினார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"சாப்பிடறா" என்றார்.

பிறகு, நான் கேட்காமலே, மெதுவாக: "முந்தாநாள் தானே இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுண்டா."

"நல்லது, மாமா" என்றேன்.

திரும்பி வா என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்தவள்போல நிற்கவில்லை. அவர் சாதத்தைக் குழித்தார். மோர் விட்டேன்.